இரண்டு கம்பளி

திருவண்ணாமலை
20.8.2024

தங்கை குர்ஷித் பேகத்துக்கு அண்ணன் அப்துல் ரசாக் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் மகன் சைஃபுல்லாவும் அவன் வீட்டாரும் சுகம். என் இடது தோள் மட்டும் மழை வருவதை இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுகிறது. உன் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? ரூபீனாவும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறார்கள்? விஜயவாடாவில் வெயில் குறைந்ததா?

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். போனில் பேசியது காற்றோடு போகும். பட்டாளத்தில் பதினேழு வருடம் இருந்து நான் கற்ற பாடம், காகிதத்தில் ஏறாதது நடக்கவே இல்லை என்பதுதான். அந்தப் பாடம் இப்போது என் தலையிலேயே விழுந்திருக்கிறது. நீயும் எழுத்திலேயே பதில் சொல்.

சுதந்திர தினத்துக்கு மறுநாள் வேங்கிக்காலில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஒரு கூட்டம். எழுபத்தொன்று போரில் இருந்தவர்களின் பட்டியல் எடுக்கிறார்களாம். வளவன் தன் வண்டியில் என்னைக் கூட்டிப்போனான். அவன் அப்பா, அடி அண்ணாமலை ஊர்ச் சுப்பிரமணியை நீ மறந்திருக்கமாட்டாய். நானும் அவனும் ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தோம். அந்தப் போரில் நான் ஓட்டிய லாரியில், என் பக்கத்து இருக்கையில் இருந்தபோதுதான் அவன்மேல் குண்டுச் சிதறல் பாய்ந்தது. கடைசியில் அவன் தண்ணீர் கேட்டதையும், என் கையால் வாங்கிக் குடித்துக் கண் மூடியதையும் வந்து அவன் மனைவி கன்னியம்மாளிடம் சொன்னவன் நான். வளவன் அப்போது அவள் வயிற்றில் இருந்தான். இன்றுவரை சுப்பிரமணியின் நினைவு நாளில் அந்த வீட்டில் முதல் இலை எனக்குத்தான். கன்னியம்மாள் தானே வந்து என் கையில் தண்ணீர் வார்ப்பாள். "என் வீட்டுக்காரருக்குக் கடைசித் தண்ணி குடுத்த கை" என்பாள்.

கூட்டத்தில் சக்திவேல் என்று ஒருவர். எங்களுக்குப் பிறகு முப்பது வருடம் கழித்துப் பட்டாளம் போனவர். என் டிஸ்சார்ஜ் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார்.

"என்னா பாய், புக்குல ரெண்டே மெடல்தான் கீது. அதுவும் எல்லாருக்கும் குடுத்தது. சண்டைக்குப் போனவங்களுக்கு சங்கிராம் மெடல், பூர்வி ஸ்டார்னு ரெண்டு இருக்கணுமே? நீங்க ஸ்டோர்ல பருப்பு அளந்துட்டு இருந்தீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். வளவன் சிரிக்கவில்லை. புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தை அவனும் பார்த்தான். அதுதான் எனக்கு ஜாஸ்தி வலித்தது. நான் அங்கே இல்லை என்றால் அவன் அப்பாவின் கடைசிப் பேச்சைக் கேட்டது யார்?

எந்தக் குமாஸ்தா என் பேரைத் தின்றானோ தெரியாது. விடமாட்டேன். அலுவலகத்தில் மூர்த்தி என்று ஓர் உதவியாளர், பொறுமையான மனிதர். "எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு, என்னிக்கு சேர்ந்தீங்க, அது தெரிஞ்சா போதும் ஐயா. ரெக்கார்டு ஆபீஸ்ல அந்த வருஷத்து ரிஜிஸ்டரைத் தேடச் சொல்லலாம்" என்றார். எனக்கு நினைவிருப்பது ஒரு கூடாரம், ஒரு ரயில், பிறகு மூன்று ஆஸ்பத்திரிகள். தேதி ஒன்றும் தெரியவில்லை.

ஆனால் அங்கிருந்து வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அனுப்புநர் கட்டத்தில் என் நம்பர், வார்டு, தேதி எல்லாம் இருக்கும். அப்பாவின் தகரப் பெட்டி உன்னிடம்தானே இருக்கிறது? தேடி அனுப்பு.

உன் ஐவேளைத் தொழுகையில் எனக்கும் ஒரு துஆ செய்.

அண்ணன்
அப்துல் ரசாக்


விஜயவாடா
3.9.2024

அன்புள்ள பாய்ஜானுக்கு, குர்ஷித்தின் ஸலாம். உங்கள் தோள் வலிக்கு ரூபீனா ஒரு தைலம் சொல்கிறாள், தனியாக அனுப்புகிறேன். எனக்குச் சர்க்கரை ஏறி இறங்கிக்கொண்டு இருக்கிறது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு எழுத்து நன்றாகத் தெரிகிறது.

சக்திவேல் என்பவர் பேசியதைப் படித்து மனம் கஷ்டப்பட்டது. நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று எனக்குத் தெரியாதா?

பெட்டி பரண்மேல் இருக்கிறது. அதில் நிறையக் காகிதம். எல்லாம் மங்கி, மடிப்பில் கிழிந்து போயிருக்கும். பார்க்க வேண்டும். அந்தக் கடிதம் இல்லாமல் வேறு வழியே இல்லையா? உங்களோடு இருந்த யாராவது எழுதிக் கொடுத்தால் போதாதா?

பாய்ஜான், அந்தக் கடிதத்தில் என்ன எழுதினீர்கள் என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா?

கன்னியம்மா அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் தங்கை
குர்ஷித்


திருவண்ணாமலை
11.9.2024

தங்கைக்கு ஸலாம். தைலம் வந்தது. தேய்க்கிறேன். மற்றபடி சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

நினைவிருக்கிறதா என்று கேட்டிருக்கிறாய். ஐம்பத்து மூன்று வருடமாக அந்தக் கடிதத்தைத்தான் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கேட்டதால் சொல்கிறேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அதற்கு முன் என் கடிதங்களை எல்லாம் சுப்பிரமணிதான் எழுதித் தருவான். நான் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன். சாயங்காலத்தில் லாரியின் சேறு படிந்த கதவில் விரலால் எழுத்துப் போட்டு எனக்குக் காட்டுவான். அவன் போன பிறகு எழுதித் தர ஆளில்லை. கட்டிலில் படுத்து, வலது கையால், இரண்டு நாள் முயன்று ஒரு பக்கம் எழுதினேன். என் வாழ்க்கையில் நானே எழுதிய முதல் கடிதம் அதுதான். தோளில் சிதறல் பாய்ந்திருக்கிறது, சுப்பிரமணி போய்விட்டான், முடிந்தால் அப்பா ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்று எழுதினேன்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. "நீ நலம் என்றறிந்து மகிழ்ந்தோம். வரும்போது இரண்டு கம்பளி வாங்கி வரவும்."

நான்கு மாதம் கிடந்தேன். பக்கத்துக் கட்டில் பையனுக்குப் பஞ்சாபிலிருந்து தகப்பன் வந்து, கட்டிலடியில் படுத்துக்கொண்டார். அந்த மனிதர் எனக்கும் சேர்த்துப் பால் வாங்கி வந்தார். என் அப்பாவுக்குக் கம்பளி வேண்டியிருந்தது.

எழுபத்திரண்டில் கன்னியம்மாளை மட்டும் பார்த்துவிட்டு, நம் வீட்டுக்கு வராமலே திரும்பினேன். பிறகு உன் நிக்காஹுக்கு வந்தபோது தழும்பைப் பார்த்து அம்மி கேட்டாள். வண்டி விபத்து என்று சொன்னேன். தெரிந்துகொண்டே தெரியாததுபோல் கேட்கிறவர்களுக்கு அந்தப் பதில் போதும் என்று நினைத்தேன். அப்பா இறந்த தந்தி வந்தது. லீவு கேட்கவில்லை. இன்றுவரை அப்பாவின் கப்ருக்கு நான் போனதில்லை. பெருநாளில் சைஃபுல்லா உள்ளே போவான், நான் கபரஸ்தான் வாசலில் நிற்பேன். அதில் மாற்றம் இல்லை.

அந்தப் பதிலை எழுதியது உன் கைதான். அப்பா சொன்னார், பதினான்கு வயதுப் பெண் நீ எழுதினாய். உன்மேல் எனக்குக் குறை கிடையாது.

போன பௌர்ணமிக்கு மறுநாள் வளவன் பால் கொண்டுவரவில்லை. கிரிவலப் பாதையில் அவன் டீக்கடை போட்டது முதல் ஒரு பௌர்ணமிகூடத் தவறியதில்லை. டிசம்பர் ஒன்பது சுப்பிரமணியின் நினைவு நாள். தந்தியில் இருந்த தேதிதான் அவர்களுக்குத் திதி. அதற்குள் அந்தக் கடிதம் என் கையில் இருந்தால் நான் தலை நிமிர்ந்து அந்த இலையில் உட்காருவேன். சீக்கிரம் தேடு.

துஆவுடன்
அப்துல் ரசாக்


திருவண்ணாமலை
16.10.2024

தங்கைக்கு ஸலாம். சுகம், சுகமறிய ஆவல்.

என் 11.9.2024 கடிதத்துக்குப் பதில் இல்லை. ரூபீனாவிடம் போனில் கேட்டேன். அம்மா நல்லாத்தான் இருக்காங்க மாமா என்றாள். பரண்மேல் இருக்கும் பெட்டியை இறக்க ஐந்து வாரம் ஆகாது.

மூர்த்தி என் விண்ணப்பத்தை மேலே அனுப்பிவிட்டார். தேதி எழுத வேண்டிய கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறார். "காலி கட்டத்தைப் பார்த்தா திருப்பி அனுப்பிடுவாங்க ஐயா. கோச்சிக்காதீங்க" என்று முன்கூட்டியே என்னிடம் சொல்லிவிட்டார். வளவன் போன மாதமும் வரவில்லை.

துஆ செய்.

அப்துல் ரசாக்


விஜயவாடா
10.11.2024

அன்புள்ள பாய்ஜானுக்கு, ஸலாம். நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதினால் அது பொய். பொய் எழுதுவதை நிறுத்த வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கடிதத்தைத் தேட வேண்டிய வேலையே இல்லை. பெட்டியின் அடியில், அம்மியின் துப்பட்டாவுக்குள், நான் வைத்த இடத்திலேயே இருந்தது. இத்துடன் ரிஜிஸ்டர் தபாலில் வைத்திருக்கிறேன். தேதி 14.12.1971. வார்டு ஆறு. எல்லாம் தெளிவாகத் தெரிகிறது.

நம் வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அப்பாவுக்கு உருது மட்டும். உங்கள் கடிதங்களை நான் படித்து உருதுவில் சொல்வேன், அப்பா உருதுவில் சொல்வதை நான் தமிழில் எழுதுவேன். இது உங்களுக்கும் தெரியும்.

அடி அண்ணாமலைக்கு சுப்பிரமணி அண்ணா இறந்த தந்தி வந்த நாளிலிருந்து அம்மி சைக்கிள் மணி கேட்டாலே அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுவாள். நான்கு நாள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. உங்கள் கடிதம் வந்த அன்றும் தரையில்தான் இருந்தாள். அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு, "படி" என்றார். நான் மனதுக்குள் படித்தேன். இருவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லா இருக்காராம். சண்டை முடிஞ்சிடுச்சாம். லீவு கிடைச்சதும் வர்றாராம்" என்றேன்.

அப்பா கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எழுத்து வேற மாதிரி இருக்கே?" என்று கேட்டார். தமிழ் படிக்கத் தெரியாதவருக்கும் அது தெரிந்தது. "வேற யாரோ எழுதிக் குடுத்திருக்காங்க" என்றேன்.

அம்மி எழுந்து அடுப்பு மூட்டினாள். அப்பா அங்கேயே இரண்டு ரக்அத் ஷுக்ரானா தொழுது அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னார். அன்று மாலை பள்ளிவாசலில் இருந்தவர்களுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தார். நாளைக்கு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் அம்மி வீடு வீடாகப் போய், என் மகன் நல்லா இருக்கான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்கு மறுநாள் என்னால் இன்னும் முடியவில்லை.

பிறகு பதில் எழுத உட்கார்ந்தோம். அப்பா சொன்னது இதுதான்: அல்லாஹ்வுக்கு நன்றி, உன்னைப் பார்க்காமல் கண் எரிகிறது, உடனே வா. அதை எழுதினால், அடிபட்டுக் கிடக்கிறவனை உடனே வா என்கிறார்களே என்று நீங்கள் கேட்டு எழுதுவீர்கள், என் பொய் வெளியே வரும். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பக்கம் காலியாக இருந்தது. மார்கழிக் குளிர். கம்பளி என்று எழுதினேன். ஒன்று என்று எழுதினால் அப்பாவுக்கா அம்மிக்கா என்று கேட்பீர்கள் என்று இரண்டு என்று எழுதினேன்.

அப்பா கம்பளி கேட்கவே இல்லை, பாய்ஜான்.

அதற்குப் பிறகு உங்களிடமிருந்து பெருநாள் வாழ்த்து மட்டும்தான் வந்தது. ஏன் என் மகன் எழுதுவதில்லை என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்து, கேட்டுக்கொண்டே போய்விட்டார். காரணம் தெரிந்தவள் நான் ஒருத்தி. உன்மேல் எனக்குக் குறை கிடையாது என்று நீங்கள் எழுதிய வரியைப் படித்த பிறகு என்னால் பெட்டியைத் திறக்க முடியவில்லை.

இன்னொன்று. கன்னியம்மா அக்காவிடம் காட்டுவதற்கு முன் கடிதத்தை நீங்கள் ஒரு முறை முழுக்கப் படித்துப் பாருங்கள்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குர்ஷித்


திருவண்ணாமலை
21.11.2024

குர்ஷித்துக்கு.

ரிஜிஸ்டர் தபால் 18-ஆம் தேதி கிடைத்தது. உள்ளே பழைய கடிதம் ஒன்று, உன் கடிதம் ஒன்று. மூர்த்தி பழைய கடிதத்துக்கு நகல் எடுத்து, சான்று ஒப்பமிட்டு அனுப்பிவிட்டார். அசல் என்னிடம் இருக்கிறது.

மற்றதைப் பற்றி எழுத எனக்கு இப்போது ஒன்றும் இல்லை.

அப்துல் ரசாக்


திருவண்ணாமலை
11.12.2024

தங்கை குர்ஷித்துக்கு அண்ணனின் ஸலாம். தீபத்துக்கு இன்னும் இரண்டு நாள். ஊர் நிரம்பி வழிகிறது. சைஃபுல்லாவின் டயர் கடையில் நிற்க இடமில்லை. நான் சுகம். நீ சுகமாக இருக்கிறாயா என்று மெய்யாகவே கேட்கிறேன்.

முந்தாநாள் அடி அண்ணாமலைக்குப் போனேன். இந்த வருடம் யாரும் வந்து அழைக்கவில்லை. அழைக்காவிட்டால் போகாமல் இருக்கிற ஆளா நான்? ஆட்டோ பிடித்து, சட்டைப் பைக்குள் கடிதத்தை வைத்துக்கொண்டு போனேன். வளவன் வாசலில் வாழையிலை நறுக்கிக்கொண்டிருந்தான். "வாங்க பெரியப்பா" என்றான். முகம் பார்க்கவில்லை.

உட்காருவதற்கு முன்பே கடிதத்தை எடுத்தேன். "இந்தாப்பா, தேதி இருக்கு, வார்டு இருக்கு. நான் அங்க இருந்தேனா இல்லையான்னு பாத்துக்கோ" என்றேன். அவன் கை நீட்டுவதற்குள் கன்னியம்மாள் உள்ளிருந்து வந்துவிட்டாள்.

"அவரைப் பத்தி எழுதியிருக்கா அண்ணே? நீங்களே படிங்க. உங்க வாயால கேக்கறேன்."

படித்தேன், குர்ஷித். உன் எச்சரிக்கை இல்லாவிட்டாலும் அந்த இடம் எனக்குத் தெரியும். நான் எழுதியதுதானே. "வயிற்றில் பட்டு இரண்டு மணி நேரம் துடித்தான். தண்ணீர் தண்ணீர் என்று கேட்டான். வயிற்றில் அடிபட்டவனுக்குக் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் நான் கொடுக்கவில்லை. கொடுத்திருக்கலாம். எப்படியும் போய்விட்டான்."

நான் படித்தது இதுதான்: "தண்ணீர் கேட்டான். கொடுத்தேன். குடித்துவிட்டுத் தூங்குகிறவன்போல் கண் மூடினான்."

இடையில் ஒரு நொடிகூட நிற்கவில்லை. எழுத்து எழுத்தாக அப்படியே காகிதத்தில் இருப்பதுபோல் வந்தது. எழுபத்திரண்டில் அவளிடம் நேரில் சொன்ன பொய்யை இப்போது காகிதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடிதம் வந்த அன்று எந்த முகத்தை நீ பார்த்தாய் என்று அப்போது எனக்குத் தெரிந்தது.

கன்னியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொம்பை எடுத்து வந்து என் கையில் தண்ணீர் வார்த்தாள். அந்தத் தண்ணீர் ஒவ்வொரு வருடமும் எனக்குச் சுடும். இந்த வருடமும் சுட்டது.

அவள் உள்ளே போனதும் வளவன் கடிதத்தைக் கேட்டு வாங்கினான். முழுதும் படித்தான். மடித்து, என் சட்டைப் பையில் அவனே வைத்தான். சாப்பிட்ட பின் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் இறக்கிவிட்டான். இறங்கும்போது, "நல்லாப் படிச்சீங்க பெரியப்பா" என்றான். குரலில் கிண்டல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. பௌர்ணமிக்குக் காத்திராமல் இன்று காலையிலேயே பால் வந்தது.

நீ ஒரு பக்கத்தை விட்டுப் படித்தாய். நான் மூன்று வரியை விட்டுப் படித்தேன். அதிலும் என் வயது எழுபத்தைந்து, உன் வயது பதினான்கு.

கன்னியம்மாளிடம் நான் சொன்னது பொய் என்று ஐம்பத்து மூன்று வருடமாக உனக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு நாள்கூட நீ வாய் திறக்கவில்லை. அதற்கு நன்றி.

துஆ செய்.

அண்ணன்
அப்துல் ரசாக்


விஜயவாடா
27.12.2024

அன்புள்ள பாய்ஜானுக்கு ஸலாம். இங்கே எல்லாரும் சுகம். சர்க்கரை இறங்கியிருக்கிறது. டாக்டர் மருந்தால் என்கிறார், எனக்குக் காரணம் தெரியும்.

உங்கள் நவம்பர் கடிதத்தின் கடைசியில் துஆ செய் என்ற வார்த்தை இல்லை. டிசம்பர் கடிதத்தில் அதைத்தான் முதலில் தேடினேன். இருந்தது. ரூபீனாவுக்குப் படித்துக் காட்டினேன், ஒரு வரியும் விடாமல்.

பெட்டியில் இந்தக் கடிதத்தை ஏன் கிழிக்காமல் வைத்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. நீங்களே எழுதிய முதல் கடிதம் என்று எனக்கு அன்றே தெரியும். ணகரம் எல்லாம் தலைகீழாக இருந்தது. கிழிக்க மனம் வரவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் போரில் இருந்தீர்கள், அடிபட்டீர்கள், அதற்குப் பிறகும் பதின்மூன்று வருடம் வேலை செய்தீர்கள். அப்படியிருக்க இரண்டு மெடல் எப்படி விட்டுப்போகும்?

குளிர் காலம், மப்ளர் கட்டிக்கொள்ளுங்கள்.

தங்கை
குர்ஷித்


திருவண்ணாமலை
14.3.2025

தங்கைக்கு ரம்ஜான் ஸலாம். நோன்பு நன்றாகப் போகிறது. நீ சர்க்கரையோடு பிடிவாதமாக நோன்பு வைப்பதாக ரூபீனா சொன்னாள். நம் வீட்டில் பிடிவாதம் எனக்கு மட்டும் என்று நினைத்தேன். டாக்டர் சொன்னபடி கேள்.

நீ கேட்டதற்கு இரண்டு மாதம் பதில் எழுதவில்லை. பதில் எனக்குத் தெரியும், எழுதத்தான் கை வரவில்லை. இப்போது ரெக்கார்டு ஆபீஸே எழுதிவிட்டது.

போன வாரம் மூர்த்தி கூப்பிட்டு அனுப்பினார். ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரில் என் பேர் கிடைத்துவிட்டதாம், நீ அனுப்பிய கடிதத்தில் உள்ள அதே வார்டு, தேதியும் ஒத்துப்போகிறது. கூடவே எழுபத்து நான்காம் வருடத்துப் பட்டியல் ஒன்றின் நகல். மெடலுக்கு உரியவர்கள் கையெழுத்துப் போட்ட பட்டியல். என் நம்பருக்கு நேரே கையெழுத்து இல்லை. ஆங்கிலத்தில் ஒரு வரி. மூர்த்தி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"ஐயா, யாரும் எழுதாம விடல. 'கையெழுத்துப் போட மறுத்தார்'னு போட்டிருக்கு."

"ஆமா" என்றேன்.

"ஆமாவா? அப்ப இத்தினி நாளா யாரோ குமாஸ்தா தின்னுட்டான்னு சொன்னீங்களே."

எந்தக் குமாஸ்தாவும் தின்னவில்லை, குர்ஷித். அந்தக் குமாஸ்தா நல்ல மனிதர், என்னை மூன்று முறை கூப்பிட்டார். இங்கே கையெழுத்துப் போடு, மெடல் வரும், ஊருக்குப் போனால் வீட்டில் காட்டலாம் என்றார். "எங்க வீட்டுல கம்பளிதான் கேட்டாங்க சாப், மெடல் கேக்கல" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அவ்வளவுதான். ஐம்பது வருடம் ஆனதும் அதை நானே மறந்து, யாரோ எனக்குச் செய்த அநியாயமாக ஆக்கிக்கொண்டேன். முழுக்க மறந்தேன் என்றும் சொல்ல முடியாது.

சக்திவேல் அங்கே வேறு வேலையாக வந்திருந்தார், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், "பாய், அன்னிக்கு பருப்புன்னு சொன்னது என் தப்பு" என்றார்.

"பருப்பும் ஏத்தியிருக்கேன் தம்பி. ஆள் சாப்பிடாம எப்படி சுடுவான்?" என்றேன். டீ வாங்கித் தருகிறேன் என்றார். நோன்பு என்றேன். நோன்பு திறக்கும் நேரத்துக்குப் பேரீச்சம்பழத்தோடு வீட்டுக்கே வந்துவிட்டார். மனிதர் மோசமில்லை.

மறுத்தவர் இப்போது கேட்டால் தரலாம் என்று விதி இருக்கிறதாம். மூர்த்தி என்னிடம் கையெழுத்து வாங்கினார். இந்த முறை போட்டேன். இந்த மனிதர் ஏழு மாதமாக என் கோபத்தையும் சேர்த்து ஃபைலில் கட்டி வைத்துக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார். அவருக்கும் துஆ செய்.

அண்ணன்
அப்துல் ரசாக்


விஜயவாடா
4.4.2025

அன்புள்ள பாய்ஜானுக்குப் பெருநாள் வாழ்த்துடன் ஸலாம். டாக்டர் சொன்னபடி பாதி நோன்பு விட்டேன். அதைப் பெரிய தியாகமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

என் ஒரு வார்த்தையால் உங்கள் மெடல் போயிற்று என்று தெரிந்து முதலில் என்னையே குறை சொல்லிக்கொண்டேன். பிறகு, அந்தக் குமாஸ்தா உங்களை மூன்று முறை கூப்பிட்டார் என்று எழுதியிருந்ததை மறுபடி படித்தேன். மூன்று முறையும் மறுத்தது நீங்கள்தானே பாய்ஜான். அதில் என் பங்கு ஒரு முறைக்குத்தான். மற்ற இரண்டும் உங்களுடையது. இப்படி எழுத எனக்குத் தைரியம் வந்திருப்பது உங்களால்தான்.

பெருநாளன்று கபரஸ்தானில் எங்கே நின்றீர்கள்?

குர்ஷித்


திருவண்ணாமலை
6.5.2025

தங்கை குர்ஷித் பேகத்துக்கு அண்ணன் எழுதுவது. ஸலாம். வெயில் கொளுத்துகிறது, தோளுக்கு மட்டும் இது நல்ல காலம். எல்லாரும் சுகம்.

மூன்றில் இரண்டு என் பங்கு என்று கணக்குச் சொல்லியிருக்கிறாய். ஒப்புக்கொள்கிறேன். இனி இதைப் பற்றிப் பேச்சில்லை.

பெருநாளன்று வாசலில்தான் நின்றேன். நின்ற கால் அங்கேயே பழகிவிட்டது. போன வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ் புத்தகம் திரும்பி வந்தது. சிவப்பு மையில் இரண்டு வரி புதிதாக ஏறியிருக்கிறது. சங்கிராம் மெடல், பூர்வி ஸ்டார். கீழே முத்திரை. மெடல் கையில் வர நாளாகுமாம். வரும்போது வரட்டும். வளவன் அந்தப் பக்கத்தைப் போனில் படமெடுத்துக்கொண்டு போய் அவன் அம்மாவுக்குக் காட்டினான். "அண்ணன் சொன்னா போதாதா, இதுக்கு ஒரு காகிதமா?" என்று கன்னியம்மாள் அவனைத் திட்டினாளாம்.

அன்று ஜும்ஆ முடிந்து கபரஸ்தானுக்குப் போனேன். சைஃபுல்லாவை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு நான் உள்ளே போனேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பாவின் கப்ரு எது என்று எனக்குத் தெரியவில்லை, திரும்பி வந்து அவனிடம் கேட்டுக்கொண்டு போனேன். வேப்ப மரத்தை ஒட்டி இருக்கிறது. ஃபாத்திஹா ஓதினேன். பிறகு அந்தக் கடிதத்தை எடுத்து, உருதுவில் சொல்லிச் சொல்லி, முழுக்கப் படித்தேன். தோளை, சுப்பிரமணியை, கொடுக்காத தண்ணீரை, முடிந்தால் ஒரு முறை வாருங்கள் என்றதை. ஒரு வரியும் விடவில்லை. அவரிடம் மறைக்க இனி எதுவும் இல்லை. கேட்கத் தாமதமாகிவிட்டது, அவ்வளவுதான்.

உன்னை மன்னித்தேன் என்று நான் எழுதமாட்டேன். அம்மியை எழுப்பி அடுப்பு மூட்ட வைத்தவளை மன்னிக்க நான் யார்? அன்று அப்பா சிரித்த முகத்தோடு பள்ளிவாசலில் சர்க்கரை கொடுத்தார் என்று நீ எழுதாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. இப்போது அவரை நினைத்தால் அந்த முகம்தான் வருகிறது. அதற்கு நான் உனக்குக் கடமைப்பட்டவன்.

தேரடித் தெருக் கடையில் இன்று ஒரு பொருள் வாங்கினேன். மே மாதத்தில் இதைக் கேட்கிறானே என்று கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மேல் அடுக்கிலிருந்து இறக்கித் தூசி தட்டித் தந்தார். பார்சலில் தனியாக வருகிறது. விஜயவாடா வெயிலில் கம்பளியா என்று ரூபீனா சிரிப்பாள். சிரிக்கட்டும். ஒன்று நீலம், ஒன்று பழுப்பு.

பிரித்துப் பார்த்துவிட்டு, கேட்ட இரண்டு கம்பளியும் சரியாக வந்து சேர்ந்தன என்று ஒரு வரி எழுது. போனில் சொல்லாதே. காகிதத்தில் ஏற வேண்டும்.

துஆவுடன்
உன் அண்ணன்
அப்துல் ரசாக்